டிப்ஸை நிறுத்திச் சம்பளத்தை உயர்த்திய ஒரு வடபழனி உணவகம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டி ஒரு சைவ உணவகம். 20 வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்பம் நடத்தி வருகிறது. ஏ.சி. ஹால், சாதா ஹால், வாசலில் பார்சல் கவுண்டர். மாதம் சுமார் 22.5 லட்சம் ரூபாய் விற்பனை. மொத்தம் 34 பேர் வேலை செய்கிறார்கள். சர்வர்கள் 14, டேபிள் கிளீனர்கள் 6, சமையலறையில் 9, கல்லா, பார்சல், சூப்பர்வைசர் எல்லாம் சேர்த்து 5. இவர்களுடைய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்கை மாதாமாதம் பார்த்துக் கட்டுவது என் வேலை. அதனால் இதில் நான் வெறும் பார்வையாளன் இல்லை. ஓர் இடத்தில் தவறும் என்னுடையதே. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

2023 தொடக்கத்தில் சர்வர் ஒருவரின் மாதச் சம்பளம் 13,800 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடும் மாடியில் தங்க இடமும் உண்டு. தமிழ்நாட்டில் ஹோட்டல் தொழிலுக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கிறது. அதில் அகவிலைப்படி மட்டும் ஒவ்வொரு ஏப்ரலிலும் சென்னை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து மாறும். முதலாளி அந்த அளவுக்குச் சற்று மேலேயே கொடுத்து வந்தார். சட்டப்படி யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சர்வர்கள் அந்தச் சம்பளத்தை நம்பி அங்கே இருக்கவில்லை, ஏ.சி. ஹாலை நம்பி இருந்தார்கள். சம்பளம் ஏற்றிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் முதலாளியிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “ஏம்ப்பா, உனக்குத்தான் டிப்ஸ் வருதே!”

ஜனவரி 2023: ஒரு மணிக்கட்டு

ஒன்பது வருடமாக அங்கே இருக்கும் ஒரு சர்வர் கை கழுவுமிடத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்பதால் இ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊனப் பலன் கிடைத்தது. ஊதியத்தில் 90 சதவீதம் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஊதியத்தில் 90 சதவீதம்? பதிவேட்டில் இருக்கும் 13,800 ரூபாயில். அவர் கையில் உண்மையில் வந்து கொண்டிருந்தது 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில்.

மூன்றாவது வாரமே மாவுக்கட்டோடு வந்து நின்றுவிட்டார். இடது கையில் தட்டேந்திப் பரிமாற ஆரம்பித்தார். முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். “முதலாளி, வீட்ல உட்கார்ந்தா சம்பளம் வரும், பொழப்பு வராது” என்றார் அவர். இந்த வாக்கியத்தை முதலாளியே என்னிடம் மூன்று தடவை சொல்லியிருப்பார். அன்றிரவே கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம்.

டிப்ஸ் வாடிக்கையாளர் கொடுப்பது, முதலாளி கொடுப்பதல்ல. வருமான வரிப் பிடித்தம் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் இப்படித்தான் பார்த்தது: டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது. எங்கள் பதிவேட்டிலும் அதற்கு இடமில்லை. ஆகவே பி.எஃப்.பில் அது ஏறாது, போனஸில் வராது, பணிக்கொடையில் வராது, கை உடைந்தால் வரும் பலனிலும் வராது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்தக் கணக்கிலும் இல்லாமல் ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது.

பிப்ரவரி: கவனித்தவை

யாருக்கு எவ்வளவு டிப்ஸ் வருகிறது என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. நேராகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் “அம்பது, அறுபது வரும் சார்” என்றார்கள். தெரிந்தால் முதலாளி அதில் கை வைப்பார் என்ற பயம். நியாயமான பயம்தான்.

விடை கல்லாவில் இருந்தது. இரவு கடை சாத்தும்போது சர்வர்கள் சில்லறையைக் கல்லாவில் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்வது வழக்கம். மறுநாள் காலைக்குச் சில்லறை வேண்டும் என்பதால் காசாளருக்கும் அதில் லாபம். யார் எவ்வளவு மாற்றினார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். சர்வர்களிடம் சொல்லிவிட்டு, பெயரை மறைத்து அந்த நோட்டைப் பார்த்தோம். ஏ.சி. ஹாலில் நிரந்தரமாக நிற்கும் ஐந்து பேருக்கு நாளைக்குச் சராசரி 300 ரூபாய். சாதா ஹாலில் இருப்பவர்களுக்கு 80 ரூபாய். கிருத்திகை, முகூர்த்த நாட்களில் முருகன் கோயில் கூட்டத்தால் இரண்டும் கூடும்.

காசாளர் இன்னொன்றும் சொன்னார். கொரோனாவுக்கு முன்னால் சாதா ஹாலில் 80 இல்லையாம், இருநூறைத் தொடுமாம். காரணத்தை நான் யோசிக்கவே இல்லை, அவர்தான் சொன்னார். 86 ரூபாய் பில்லுக்கு 100 ரூபாய்த் தாள் வைத்தால், சோம்புத் தட்டில் மீதி 14 ரூபாய் வரும். அதில் பத்தை எடுக்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது 86 ரூபாயை ஃபோனில் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மீதி என்ற ஒன்றே இல்லை. ஆக, நாங்கள் நிறுத்துவதற்கு முன்பே சாதா ஹாலில் டிப்ஸ் பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தது. “உனக்குத்தான் டிப்ஸ் வருதே” என்ற பதில் மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு ஒரு சர்வர் கண்டுபிடித்த வழி: பில் அட்டையின் உள்பக்கம் தன் சொந்த கியூஆர் கோடை ஒட்டி வைத்திருந்தார். ஒரு குடும்பம் 1,140 ரூபாய் பில்லையே அதில் கட்டிவிட்டது. அவர் மறுநாள் காலையில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஓர் இரவு மட்டும் கடையில் ஒரே ரகளை.

இன்னும் மோசமான ஒன்றும் தெரியவந்தது. யார் ஏ.சி. ஹாலில் நிற்பது என்பதை சூப்பர்வைசர்தான் முடிவு செய்வார். அதற்கு வாரம் நூறு ரூபாய் “காபிக் காசு”. கிளீனர்களுக்கு ஏ.சி. ஹால் சர்வர்கள் மனசு வந்தால் பத்தோ இருபதோ கொடுப்பார்கள், அதுவும் மேசையை முதலில் துடைத்துக் கொடுத்தவருக்கு மட்டும்.

மார்ச்: முடிவும் காரணங்களும்

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. முதலாவது, டிப்ஸைப் பொதுவில் போட்டுப் பிரிப்பது. சில்லறை வறண்டுகொண்டே வரும்போது அதைப் பங்கு போட்டு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது, பில்லில் சேவைக் கட்டணம் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, உணவகங்கள் தாமாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வழக்கு தொங்கிக்கொண்டிருந்த நேரம். வாடிக்கையாளர் ஒருவர் “இதை எடுங்க” என்று நின்றால் கல்லாவில் இருக்கும் பையன் என்ன செய்வான்? முதலாளி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். பிறகு 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்றே அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மிச்சம் இருந்தது மூன்றாவது வழிதான். விலைப்பட்டியலில் விலையை ஏற்றி, அதைச் சம்பளமாகக் கொடுத்து, டிப்ஸ் வேண்டாம் என்று எழுதிப் போடுவது. முதலாளியின் மகன் இதற்கு எதிராக ஓர் உதாரணம் கொண்டுவந்தார். நியூயார்க்கில் யூனியன் ஸ்கொயர் ஹாஸ்பிடாலிட்டி குழுமம் 2015இல் இதையே செய்து, 2020இல் கைவிட்டு மறுபடி டிப்ஸுக்குத் திரும்பியது. அது உண்மைதான். ஆனால் அங்கே நிலைமை வேறு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அமெரிக்க மத்திய சட்டம் சொல்லும் நேரடிக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அதே தொகை. மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நம் சட்டத்தில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க வழி இல்லை. நாங்கள் நிரப்ப வேண்டிய பள்ளம் அவ்வளவு ஆழம் இல்லை.

பள்ளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டோம். ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஐந்து சர்வர்களுக்கு 20,800, மற்ற ஒன்பது பேருக்கு 18,600, கிளீனர்களுக்கு 12,400லிருந்து 14,600. 20,800இல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போக வேண்டும். கை முறிவில் தொடங்கிய பேச்சு இ.எஸ்.ஐ. அட்டையைப் பறிப்பதில் முடியக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். முதலாளி பங்காக பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 98,000 ரூபாய் கூடுதல் செலவு. விற்பனையில் நாலரை சதவீதம் கூட இல்லை. தோசை 90லிருந்து 95, சாப்பாடு 140லிருந்து 145, மற்றவை அதே போக்கில். காபி விலையைத் தொடவில்லை. தோசை விலை ஏறினால் முணுமுணுப்பவர்கள் காபி விலை ஏறினால் கடையையே மாற்றிவிடுவார்கள் என்பது முதலாளியின் அனுபவம்.

இந்தக் கணக்கில் ஒரு முள் இருந்தது. ஏ.சி. ஹால் சீனியர் ஒருவருக்கு முன்பு பிடித்தம் போக 12,040 ரூபாயும், 26 நாள் டிப்ஸ் 7,800 ரூபாயும் சேர்ந்து 19,840 கையில் வந்தது. இனி 20,800இல் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 156 போக 18,844. கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் குறைகிறது. பி.எஃப்.பில் கூடுதலாகச் சேரும், நோய்க்கால உதவி கூடும், சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம் என்றெல்லாம் கூட்டத்தில் விளக்கினேன். ஒருவர் பணிவாகக் கேட்டார்: “அதெல்லாம் சரி சார், இந்த மாசம் ஆயிரம் ரூபாய்க்கு நான் எங்க போவேன்?” என்னிடம் நல்ல பதில் இல்லை. சாதா ஹால்காரர்களுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கூடியது. அவர்கள் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவே இல்லை.

ஏப்ரல், மே: முதல் அதிர்ச்சிகள்

ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மேசைகளில் “பரிமாறுவோர் ஊதியம் விலையிலேயே அடக்கம். டிப்ஸ் வேண்டாம்” என்ற அட்டை. ஏ.சி. ஹாலும் சாதா ஹாலும் வாரத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் சுழற்சி.

தொகையைப் பற்றி அவ்வளவு யோசித்த நாங்கள் நாளைப் பற்றி யோசிக்கவில்லை. டிப்ஸ் என்பது அன்றன்றைக்கு வரும் காசு. டீ, பீடி, பஸ், ஃபோன் ரீசார்ஜ் எல்லாம் அதில்தான் ஓடின. முக்கியமாக, மாலை ஐந்து மணிக்குப் பின்வாசலில் வந்து நிற்கும், கடனைத் தினத் தவணையாக வசூலிக்கும் தண்டல்காரருக்கு நூறு ரூபாய் அதிலிருந்துதான் போனது. சம்பளம் ஏழாம் தேதி வரும், தண்டல்காரர் தினமும் வருவார். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே கல்லாவில் அட்வான்ஸ் கேட்டு வரிசை. மார்ச்சில் அட்வான்ஸ் பதிவேட்டில் 9 வரிகள், ஏப்ரலில் 31. சம்பளத்தை உயர்த்திய மாதத்தில்தான் ஆட்கள் அதிகம் கடன் வாங்கினார்கள்.

மே முதல் வாரத்தில் மாற்றினோம். சனிக்கிழமைதோறும் 1,000 ரூபாய் ரொக்கமாக, மீதி ஏழாம் தேதி வங்கியில். அட்வான்ஸ் மே மாதம் 12ஆக இறங்கியது.

அதற்குள் ஏ.சி. ஹால் சீனியர்களில் இருவர் போய்விட்டார்கள். ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்கு. இன்னொருவர் திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊருக்கு. கை உடைந்தவர் இருந்தார்.

டிப்ஸை மறுப்பதும் நினைத்ததைவிடச் சங்கடமாகப் போனது. காலை நடை முடித்து வரும் பெரியவர் ஒருவர் பத்து வருடமாகத் தினமும் சர்வர் சட்டைப் பையில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போவார். “வேண்டாங்க ஐயா” என்றதும் முகம் சுருங்கிவிட்டது. “நான் பிச்சையா போடறேன்? பேரனுக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறேன்” என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் உண்டியல் வைத்தோம். கொடுத்தே தீருவேன் என்பவர்கள் அதில் போடலாம். மாதக் கடைசியில் சமையலறை உட்பட எல்லாருக்கும் சமமாகப் பங்கு.

ஜூன் முதல் டிசம்பர் வரை: பின்விளைவுகள்

விலையேற்றத்தால் எத்தனை பேர் வராமல் போனார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏப்ரலில் நாள் ஒன்றுக்கு 610 பில் 580ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் ஆற்காடு சாலை முழுக்க மெட்ரோ வேலை, வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. செப்டம்பரில் மறுபடி 610ஐத் தாண்டியது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், மூன்று நாள் கடையே திறக்கவில்லை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு விலையின் பங்கைத் தனியாகப் பிரித்தெடுப்பது கணக்கு வித்தை, உண்மை அல்ல.

பரிமாறுவதில் மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது. முன்பு சாதா ஹாலில் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டால் வருவதற்குள் இட்லி ஆறிவிடும். ஏ.சி. ஹாலில் தனியாக வரும் மாணவனை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்தவர்களையே சுற்றிச் சுற்றி வருவார்கள். இரண்டும் குறைந்தன. கிளீனர்கள் எல்லா மேசையையும் ஒரே வேகத்தில் துடைத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. டிப்ஸ் இருந்தபோது கூட்ட நேரத்தில் ஒருவரே ஆறு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். இப்போது நாலு மேசைக்கு மேல் “அது என் டேபிள் இல்லீங்க” என்றார்கள். முதலாளிக்கு இது பெரிய மனக்குறை. என் பார்வையில் ஆறு மேசை பார்த்தது பேராசையின் வேகம், அதை வைத்து ஆள் கணக்குப் போட்டதே பிழை. இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஞாயிறு மாலைக்கு இரண்டு கல்லூரிப் பையன்களைக் கூடுதலாகப் போட வேண்டி வந்தது.

சமையலறை ஜூலையில் வெடித்தது. சரக்கு மாஸ்டர் பேசவில்லை, உதவியாளர்கள் ஐந்து பேர் பேசினார்கள். “தூக்கிட்டுப் போறவனுக்கு இவ்ளோ, அடுப்புல வேகறவனுக்கு ஒண்ணுமில்லையா?” டிப்ஸ் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை, ஏனென்றால் அது முதலாளி கையிலிருந்து போகவில்லை. சம்பளமானதும் ஒப்பீடு வந்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்கும் ஆயிரம் ரூபாய் உயர்வு. ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் சுமார் 25,000 ரூபாய் கையைக் கடித்துக்கொண்டிருந்த முதலாளிக்கு இது வலித்தது. அக்டோபரில் சாப்பாட்டு விலையை இன்னொரு ஐந்து ரூபாய் ஏற்றினார். அதற்கப்புறம்தான் கணக்கு நேரானது.

சூப்பர்வைசர் ஆகஸ்டில் வேலையை விட்டார். காபிக் காசும் போய், அதிகாரமும் போய், சம்பளமும் ஏறவில்லை.

நவம்பரில் நடந்தது என் தவறு. ஒரு சர்வருக்குக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் படுக்கை. நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 சதவீதம். சம்பளம் ஏறியதால் உதவியும் ஏறும் என்று மார்ச் கூட்டத்தில் சொன்னவன் நான். வந்ததோ பழைய கணக்கு, நாளைக்குச் சுமார் 320 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். எனக்குத் தெரிந்த விதிதான். கூட்டத்தின் சூட்டில் சொல்லாமல் விட்டேன். அவர் என்னைக் கேள்வி கேட்கவில்லை, மற்றவர்கள் கேட்டார்கள்.

மார்ச் 2024: நிலவரம்

2022இல் ஒரே வருடத்தில் 11 சர்வர்கள் மாறியிருந்தார்கள். ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை மாறியவர்கள் 5 பேர், முதலில் போன அந்த இருவர் உட்பட. சாதா ஹாலில் இருந்த ஒருவர் சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் நகைக்கடனல்லாத கடன் வாங்கித் தண்டலை அடைத்திருக்கிறார். உண்டியலில் மார்ச் மாதம் விழுந்தது 2,340 ரூபாய். 34 பேருக்கு ஆளுக்கு 68 ரூபாய் போக மீதி 28.

திரும்பச் செய்தால்

சனிக்கிழமைப் பணத்தை முதல் வாரத்திலேயே தொடங்குவேன். சமையலறை உதவியாளர்களையும் சூப்பர்வைசரையும் முதல் நாள் கணக்கிலேயே சேர்ப்பேன், அதற்காக விலை இன்னும் ஒரு சதவீதம் ஏறினாலும் பரவாயில்லை. இரண்டு தடவை விலை ஏற்றியதுதான் வாடிக்கையாளர்களை அதிகம் எரிச்சல்படுத்தியது. சீனியர்களைப் பொதுக் கூட்டத்தில் உட்காரவைத்திருக்கக் கூடாது. தனித்தனியாகப் பேசி, ஆறு மாதத்துக்காவது அந்த ஆயிரம் ரூபாய் குறையாமல் ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் இருவரில் ஒருவராவது இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். முதலாளி அப்படி நினைக்கவில்லை.

2024 ஏப்ரலில் தீராமல் நின்ற விஷயம் ஒன்று உண்டு. வருடம் முடிந்தது, எல்லாருக்கும் சம்பளம் கொஞ்சம் ஏற வேண்டியிருந்தது. மிச்சமிருக்கும் மூன்று சீனியர்களுக்கு 300 ரூபாய் ஏற்றினாலே 21,000ஐத் தாண்டிவிடும். அத்தோடு இ.எஸ்.ஐ. போய்விடும். மூவரையும் கூப்பிட்டுக் கேட்டோம். இருவர் உயர்வு வேண்டாம், அட்டை இருக்கட்டும் என்றார்கள். அதில் ஒருவருடைய அம்மாவுக்குக் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மணிக்கட்டு உடைந்தவர் மட்டும் பணமாகவே கொடுங்கள் என்றார். அந்த ஏப்ரல் மாதச் சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அப்போதைக்குப் பென்சிலால்தான் எழுதி வைத்தேன்.